அவர் உள்ளே, நான் வெளியேயா?

சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீட்டில் வசிக்கும் 56 வயதுச் சகோதரி ஒருவர் ஒன்பது பக்கம் கைப்பட எழுதி அனுப்பியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

இருபத்தொன்பது ஆண்டு மணவாழ்க்கை. அதில் இருபத்தைந்து ஆண்டு கணவரின் சூதாட்டம். முதலில் நாலு நம்பர் லாட்டரி, பிறகு குதிரை, 2010ல் சூதாட்டக்கூடங்கள் திறந்தபிறகு அங்கே. பாலர்பள்ளியில் சமையல் வேலை பார்த்துக்கொண்டே இவர் கடன்களை அடைத்திருக்கிறார். தாலிச் சங்கிலி இரண்டு முறை அடகுக்கடைக்குப் போய் வந்தது. அடைத்த ஒவ்வொரு தொகையையும் தேதி போட்டு 555 என்ற சிறு குறிப்புப் புத்தகங்களில் எழுதிவைத்தார். அப்படி நான்கு புத்தகங்கள் இருக்கின்றன. இதற்கிடையே மெதடிஸ்ட் சபையில் பதினெட்டு ஆண்டு ஞாயிறு பள்ளி ஆசிரியர், தவறாத தசமபாகம், வெள்ளிக்கிழமை உபவாசம். கணவரோ கிறிஸ்துமஸுக்கு மட்டும் சபைக்கு வருவார்.

சென்ற ஆண்டு அவருக்குக் கல்லீரல் புற்றுநோய் முற்றியது. அந்திமகாலப் பராமரிப்பு இல்லத்தில், இறப்பதற்குப் பத்து நாள் முன்பு, அவரே போதகரை வரச்சொல்லி ஞானஸ்நானம் கேட்டார். ஒரு கிண்ணத் தண்ணீரில் ஞானஸ்நானம் நடந்தது. "அந்தப் பத்து நாளும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை" என்று எழுதுகிறார். அடக்க ஆராதனையில் போதகர், "நம் சகோதரர் இப்போது கர்த்தரோடு இருக்கிறார்" என்றார். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை.

இப்போது நாலாபக்கமும் நெருக்கடி. சபை ஆண்டுவிழாவில் கணவரின் இரட்சிப்பைப் பற்றிச் சாட்சி சொல்லச் சொல்கிறார் மூப்பர். 555 புத்தகங்களை எரித்துவிடுங்கள், அதுதான் மன்னிப்பின் அடையாளம் என்றும் சொல்கிறார். "கடவுளே அண்ணனை மன்னித்துவிட்டார், விசுவாசியான நீங்கள் அவர் கடனையாவது தீர்க்கவேண்டாமா" என்று 38,000 வெள்ளி கேட்கிறார் கொழுந்தனார். கத்தோலிக்கரான நாத்தனார், மரித்தவர்கள் தூய்மையடையும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் அண்ணனுக்காகப் பூசை வைக்கவேண்டும் என்கிறார். இருபத்துநான்கு வயது மகன், "அப்பா மாதிரி நானும் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்கிறேன்" என்று சிரிக்கிறான். கடிதத்தின் கடைசி வரி: "இந்தக் கோபத்தோடு நான் செத்துப்போனால், அவர் உள்ளே, நான் வெளியேயா?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. "இருபத்தைந்து வருஷம் அவர் கடனை நான் கட்டினேன். கடைசியில் கடவுளிடம் அவர் பட்ட கடனையும் என் கணக்கிலேயே எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது." உங்கள் வலி முழுவதும் அந்த வரியில் இருக்கிறது. நீங்கள் தவறாக எடுத்துக்கொண்டிருக்கும் ஒன்றும் அதிலேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் கோபத்தைப் பற்றி. அது அவிசுவாசத்தின் அடையாளம் என்று உங்களிடம் சொன்னவர்கள் லூக்கா 15ஆம் அதிகாரத்தைப் பாதியிலேயே மூடிவைத்தவர்கள். வீட்டைவிட்டு ஓடிய இளையவனின் கதையை எல்லாரும் சொல்வார்கள். வயலிலிருந்து திரும்பி, வீட்டுக்குள் ஆடல்பாடல் கேட்டு, வாசலிலேயே நின்றுவிட்ட மூத்தவனை மறந்துவிடுவார்கள். அவன் பேசுவதைப் பாருங்கள்: "இதோ, இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து... நீர் ஒருக்காலும் எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியையாவது கொடுக்கவில்லை." இது உங்கள் குரல்தானே? வேதம் அந்தக் குரலை அழிக்காமல் வைத்திருக்கிறது. அதற்கு முந்தைய வசனம் எனக்கு இன்னும் முக்கியம். தகப்பன் "வெளியே வந்து, அவனை வருந்தியழைத்தான்." விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே, கோபத்தோடு நிற்கிற பிள்ளைக்காகத் தகப்பன் வாசலைத் தாண்டி வருகிறார். நீங்கள் வெளியே நிற்பதாக நினைத்தாலும், தனியாக நிற்கவில்லை.

மத்தேயு 20ல் திராட்சத்தோட்டத்து வேலையாட்களும் இதே முறையீட்டோடு வருகிறார்கள். ஒரு மணி நேரம் வேலை செய்தவனுக்கும் ஒரு பணம், விடிகாலையிலிருந்து உழைத்தவனுக்கும் ஒரு பணம். "பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு இவர்களைச் சமமாக்கினீரே" என்று அவர்கள் கேட்பதில் பொய் இல்லை. வெயில் உண்மை. கஷ்டமும் உண்மை. எஜமான் அதை மறுக்கவே இல்லை. உங்களுக்கு நடந்ததையும் யாரும் மறுக்க வேண்டியதில்லை. கிருபையைப் பற்றிப் பேசவேண்டுமானால் முதலில் அந்த வெயிலை ஒப்புக்கொள்ளவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் சபையில் அதை யாரும் செய்ததாகக் கடிதத்தில் இல்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

யார் கட்டிய விலை?

நம் காதில் "இலவசம்" என்ற சொல் கொஞ்சம் மலிவாகவே விழுகிறது. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்று பேரங்காடியில் கேட்டுப் பழகிய சொல். பவுல் எபேசியருக்கு எழுதியதன் தமிழில் "ஈவு" என்ற சொல் வருகிறது. "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறது எபேசியர் 2:8. ரோமர் 6:23 இன்னும் கூர்மையானது. பாவத்துக்குக் கிடைப்பதைச் "சம்பளம்" என்கிறது, நித்திய ஜீவனைக் "கிருபைவரம்" என்கிறது. சம்பளம் உழைத்து வாங்குவது. வரம் அப்படி வருவதில்லை.

விலையே இல்லாமல் அது வந்ததா என்றால், இல்லை. கொலோசெயர் 2:14ல் "நமக்கு எதிரிடையாகவும் கட்டளைகளால் நமக்கு விரோதமாகவும் இருந்த கையெழுத்தை" கிறிஸ்து எடுத்துச் சிலுவையில் ஆணியடித்தார் என்று இருக்கிறது. இந்தக் "கையெழுத்து" என்ன என்று நம்மில் பலர் யோசிப்பதில்லை. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல், கடன் வாங்கியவன் தன் கைப்பட எழுதிக்கொடுக்கும் கடன்சீட்டைக் குறிப்பது. சகோதரி, அது ஒரு 555 புத்தகம். கிறிஸ்தவ நம்பிக்கை சொல்வது இவ்வளவுதான்: அந்தப் புத்தகத்தில் உங்கள் கணவர் பெயரில் இருந்ததைக் கிறிஸ்து கட்டினார். நீங்கள் கட்டவில்லை. உங்கள் இருபத்தைந்து வருஷத்தை எடுத்து அவருக்கு யாரும் கொடுத்துவிடவில்லை. அவர் உள்ளே போனதற்கு உங்கள் பணப்பையிலிருந்து எதுவும் கழியவில்லை.

அடுத்து சொல்லப்போவது கொஞ்சம் கடினம். பொறுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு ஆண்டு ஞாயிறு பள்ளி, தசமபாகம், உபவாசம், இவற்றை நீங்கள் பட்டியலிட்ட விதத்தில், அவற்றுக்கும் ஒரு 555 புத்தகம் உங்களுக்குள் இருந்ததோ என்று எனக்குத் தோன்றியது. கடவுள் ஒருநாள் தீர்க்கவேண்டிய கணக்கு. கணவர் ஒரு கிண்ணத் தண்ணீரில் அதே இடத்துக்கு வந்துவிட்டார் என்றதும், இத்தனை வருஷச் சேமிப்பு செல்லாத நோட்டாகிவிட்டதுபோல் இருந்திருக்கும். அந்தச் சேவை வீணில்லை. எபேசியரில் மேலே சொன்ன வசனத்தை அடுத்தே, நற்கிரியைகளைச் செய்வதற்காக நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்று வருகிறது. உங்களிடம் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள், நீங்கள் ஊட்டிய சோறு இருக்கிறது. ஆனால் அது உள்ளே போவதற்கான நுழைவுக்கட்டணமாக ஒருநாளும் இருந்ததில்லை. நீங்கள் முதல்நாளே உள்ளே இருந்தவர். "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்று மூத்தவனிடம்தான் சொல்லப்பட்டது.

உங்கள் சபையின் பாரம்பரியத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஜான் வெஸ்லி 1728லேயே குருப்பட்டம் பெற்றவர். ஆக்ஸ்ஃபோர்டில் உபவாசமும் சிறைச்சாலைச் சந்திப்பும் கடும் ஒழுங்குமாக வாழ்ந்தவர். கடல் கடந்து ஜார்ஜியா வரை ஊழியத்துக்குப் போனவர். இருந்தும் தன் இரட்சிப்பைப் பற்றி அவருக்கு நிச்சயம் இல்லை. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், தன் பாவங்களையும் கிறிஸ்து நீக்கினார் என்ற நம்பிக்கை அவருக்குள் வந்தது. பத்தாண்டு குருவாக இருந்தவருக்கே அது தாமதமாகத்தான் வந்தது. நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் தாய்வழிப் பாட்டி வைணவர் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். குரங்குக்குட்டி, பூனைக்குட்டி உவமையை அவர் வாயிலிருந்து கேட்டிருப்பீர்கள். குரங்குக்குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ளவேண்டும். பூனைக்குட்டியைத் தாயே வாயால் கவ்விக்கொண்டு போகும். வடகலையாரும் தென்கலையாரும் நீண்டகாலம் வாதித்த விஷயம் அது. அந்தச் சமயக் கோட்பாடும் கிறிஸ்தவக் கோட்பாடும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நம் கை பிடித்ததால் பிழைத்தோமா, நம்மைப் பிடித்த கையால் பிழைத்தோமா என்ற கேள்வி நம் மொழிக்குப் புதிதில்லை. நீங்கள் இத்தனை வருஷம் கை வலிக்கப் பற்றிக்கொண்டிருந்தீர்கள். சற்றே தளர்த்தினாலும் விழமாட்டீர்கள்.

கடைசி வாரத்து ஞானஸ்நானம்

அது செல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு ஒரு பகலே மிச்சம் இருந்தது. களவு கொடுத்தவர்களைத் தேடிப்போய்த் திருப்பிக்கொடுக்க அவனால் முடியவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற பதில் அவனுக்குக் கிடைத்தது. ஆகவே, செல்லும். உங்கள் கணவரின் மனம் எவ்வளவு உண்மையாக இருந்தது என்பதை நானோ போதகரோ நீங்களோ அளக்க முடியாது, அளக்கும் வேலையும் நமக்கு இல்லை. வரி வசூலிப்பவனான சகேயு பிழைத்திருந்ததால், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித்தருகிறேன் என்று எழுந்து நின்றான். உங்கள் கணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. உங்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. அது பெரிய குறை. அவருக்கு இரட்சிப்பு கிடைத்தது என்பதால் அந்தக் குறை நிரம்பிவிடாது.

நாத்தனாருடன் சண்டை வேண்டாம். மரித்தவர்களுக்கான பூசை விஷயத்தில் இரு சபைகளும் வேறுபடுகின்றன, அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இரட்சிப்பு நம் தகுதியால் வராமல் கிருபையால் மட்டுமே வருகிறது என்பதில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. 2006ல் உலக மெதடிஸ்ட் மன்றமும் அதில் இணைந்தது. பழைய சண்டை அவ்வளவு தூரம் தணிந்திருக்கிறது.

மன்னிக்க முடியாவிட்டால்?

மத்தேயு 6:15 உங்களைப் பயமுறுத்துகிறது. மற்றவர்களை நீங்கள் மன்னிக்காவிட்டால் உங்கள் பிதாவும் மன்னிக்கமாட்டார் என்ற வசனம். இதை நீர்த்துப்போகச் செய்ய எனக்கு விருப்பமில்லை. கிருபையிலிருந்து ஒருவர் விலகிப்போகக்கூடும் என்று உங்கள் மெதடிஸ்ட் போதனையும் சொல்கிறது. ஆனால் மன்னிக்கமாட்டேன் என்று கதவைத் தாழிடுவது வேறு, மன்னிக்க வேண்டும், முடியவில்லை, என்ன செய்வேன் என்று ஒன்பது பக்கம் எழுதுவது வேறு. நீங்கள் இரண்டாவது இடத்தில் நிற்கிறீர்கள்.

மூப்பர் சொல்லாத இன்னொன்றையும் சொல்கிறேன். மன்னிப்பது என்றால் "பரவாயில்லை" என்று சொல்வது என நம் பெண்களுக்குக் கற்பித்துவைத்திருக்கிறோம். பரவாயில்லாத விஷயத்தைத்தான் மன்னிக்க வேண்டியிருக்கிறது. சங்கிலியை அடகு வைத்தது தப்பு. மகனின் படிப்புப் பணத்தை எடுத்தது தப்பு. அதைப் பெயர் சொல்லித் தப்பு என்று சொன்னபிறகே மன்னிப்பு தொடங்க முடியும். அதற்கு மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம். அதுவரை என்ன ஜெபிப்பது என்று தெரியாவிட்டால் 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் அதைக் கோபத்தோடும் வாசிக்கலாம்.

38,000 வெள்ளி

கொழுந்தனார் மத்தேயு 18ஐ, அதாவது பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரனின் உவமையை, உங்களிடம் காட்டியிருக்கிறார். அந்த உவமையில் கடனை விட்டுவிடும்படி எதிர்பார்க்கப்படுவது கடன் கொடுத்தவனிடம். கடன்பட்டவனின் விதவை கட்டவேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது. அவர் இழந்த பணம் அவருக்கு வலிதான், அதை மதிக்கிறேன். ஆனால் வேதத்தை இப்படித் திருப்பி உங்களிடம் நீட்டியது சரியில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைப் பொதுவாக மட்டும் சொல்கிறேன், நான் வழக்கறிஞர் இல்லை. சிங்கப்பூரில் கணவர் வாங்கிய கடனுக்கு மனைவி என்பதாலேயே நீங்கள் பொறுப்பாவதில்லை. கூட்டாகக் கையெழுத்திட்டிருந்தாலோ பிணை நின்றிருந்தாலோதான் பொறுப்பு. இறந்தவரின் கடன் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து தீர்க்கப்பட வேண்டும். அவருடைய மத்திய சேமநிதி அந்தச் சொத்தில் சேராது, கடன் கொடுத்தவர்கள் அதைத் தொட முடியாது. அவர் நியமனம் செய்திருந்தால் நியமிக்கப்பட்டவருக்கு அது போகும். இல்லையென்றால் பொது அறங்காவலர் வழியாக உங்களுக்குப் பாதி, மகனுக்குப் பாதி. வீடு கூட்டு உரிமையில் இருந்தால் அது முழுதும் உங்களுக்கே வரும். கடனுக்கு வழக்குப்போட பொதுவாக ஆறு ஆண்டுதான் வரம்பு. கொழுந்தனார் கொடுத்தது 2013ல் என்கிறீர்கள். ஆனால் எழுத்துமூலம் ஒப்புக்கொள்வதோ ஒரு பகுதியைக் கட்டுவதோ அந்தக் கெடுவை மீண்டும் தொடங்கச் செய்துவிடலாம். ஆகவே வாட்ஸ்அப்பில்கூட "பார்த்துத் தருகிறேன்" என்று எழுதாதீர்கள். புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனை மையம் ஒன்றில் நேரம் கேட்டு வாங்குங்கள். கடன்முதலைகள் யாராவது கதவைத் தட்டினால் போலிசை அழையுங்கள். உரிமமில்லாதவர் கொடுத்த கடனை எந்த நீதிமன்றமும் வசூலித்துத் தராது.

உங்கள் சொந்த சேமநிதியிலிருந்து 20,000 எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டால் மனம் அமைதியாகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது 65 வயதுக்குமேல் உங்களுக்குச் சோறு போடவேண்டிய பணம். அன்பினால் கொடுப்பதைத் தடுக்கமாட்டேன். பயத்தினால் கொடுப்பதைத் தடுப்பேன். "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று பவுல் சொன்னது காணிக்கைக்கே என்றால், இதற்கு எவ்வளவு பொருந்தும்! நீங்கள் இன்னொரு தடவை அவர் கடனைக் கட்டினால், மேலே நான் சொன்ன எதையும் உங்கள் மனம் நம்பாது.

சாட்சியும் மகனும்

சாட்சி சொல்ல மறுக்கலாம். "இப்போது என்னால் முடியாது, ஐயா" என்ற ஒரு வாக்கியம் போதும், காரணம் சொல்லவேண்டியதில்லை. போதகரே அந்த நிகழ்வைப் பற்றிப் பேசலாம், அவரும் அங்கிருந்தவர்தானே. என்றாவது நீங்களாகவே சொல்ல விரும்பினால், வெயிலையும் சேர்த்துச் சொல்ல அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லை என்றால் மேடை ஏறாதீர்கள்.

மகன் சொன்னதை நான் விளையாட்டாக எடுக்கவில்லை. கான்ஸ்டன்டைன் பேரரசர் 337ல் மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். கடைசிவரை தள்ளிப்போடும் வழக்கம் அன்றும் இருந்தது. "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே" என்று பவுல் அதற்கும் முந்தியே எழுதிவிட்டார். ஆனால் இந்த வசனத்தை அவனிடம் ஒப்பிக்காதீர்கள். அவன் சிரிப்புக்குள் உங்கள் கோபம்தான் வேறு வேஷத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அவன் படிப்புப் பணமும் போயிற்றே. "அப்பாமேல் உனக்குக் கோபம் இருக்கிறதா? எனக்கும் இருக்கிறது" என்று ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் சொல்லிப்பாருங்கள். அவன் இதுவரை உங்களிடமிருந்து அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கமாட்டான்.

ஆறு கிலோ எடை குறைந்திருக்கிறது, இரவில் மூன்று மணி நேரத் தூக்கம் என்கிறீர்கள். இதை ஜெபத்தோடு மட்டும் நிறுத்தவேண்டாம். இந்த வாரமே பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருக்கவேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், எந்த நேரமானாலும் 1767 என்ற எண்ணில் எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு அமைப்பை அழையுங்கள்.

கடைசியாக, அந்த நான்கு 555 புத்தகங்கள். இப்போது எரிக்கவேண்டாம். கொழுந்தனாருக்கு 2016ல் நீங்கள் கொடுத்த 6,500 வெள்ளி நான்காவது புத்தகத்தில் தேதியோடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வழக்கறிஞர் அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். அதன்பிறகு அவற்றை எரிப்பதா, அலமாரியில் வைப்பதா, மகனிடம் காட்டுவதா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். மூப்பர் கெடு வைக்கவேண்டாம், நானும் வைக்கவில்லை. நேரில் பேச விரும்பினால் வாருங்கள், மகன் சம்மதித்தால் அவனையும் அழைத்துக்கொண்டு.